எஞ்சின் மாற்ற எவ்வளவு ஆகும்?

ரயில்வேயில் டீசல் புகையோடு காலம் தள்ளி ஓய்வு பெற்ற ஒருவன், பிள்ளைகள் ஆடும் வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தது நம் சங்க அன்பர்கள் சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஓட்டுகிற கார் இன்று வெறும் பொம்மைக் கார் அல்ல. அதற்குள் எஞ்சின் இருக்கிறது. அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடலாம். அதற்கு விலையும் உண்டு. அந்த விலையை நம் பிள்ளைகள் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று சில மாதங்களாகப் பார்த்து வருகிறேன். பெற்றோர்களும் தெரிந்துகொண்டால் நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் பேரன் ஆடுவது 'ஃபோர்ஸா ஹொரைஸன் 5' என்ற விளையாட்டு. இங்கிலாந்திலுள்ள பிளேகிரவுண்ட் கேம்ஸ் நிறுவனம் தயாரித்து, மைக்ரோசாஃப்ட் 2021 நவம்பரில் வெளியிட்டது. மெக்ஸிகோ நாட்டைக் களமாகக் கொண்டது. பாலைவனம், காடு, எரிமலை, பழைய நகரத்துச் சந்துகள் எல்லாம் உண்டு. 500-க்கும் மேற்பட்ட நிஜக் கார்களின் பிரதிகள் இருக்கின்றன. ஒரு காரை எடுத்துக்கொண்டு, அதன் டயர், பிரேக், ஸ்பிரிங், கியர் பாக்ஸ் என்று ஒவ்வொன்றையும் மாற்றிப் பந்தயத்தில் விடலாம். அந்தப் பட்டியலில்தான் எஞ்சின் மாற்றும் வசதியும் வருகிறது. ஒரே காருக்கு இரண்டு, மூன்று, சிலவற்றுக்கு அதற்கும் மேல் மாற்று எஞ்சின்கள் தருகிறார்கள். பின் சக்கரத்தால் ஓடும் காரை நான்கு சக்கரத்தாலும் ஓடும்படி மாற்றலாம். டர்போ இல்லாத எஞ்சினுக்கு டர்போ போடலாம். பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. எஞ்சின் மாறினால் காரின் சத்தமும் மாறுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நான்கு சிலிண்டரா எட்டு சிலிண்டரா என்று சொல்லிவிடலாம். அவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறார்கள்.

விலைக்கு வருவோம். திரையில் முதலில் தெரிவது 'கிரெடிட்' என்ற விளையாட்டுப் பணம். பந்தயம் ஓடினால் கிரெடிட் வரும்; சக்கரம் சுழற்றும் பரிசிலும் வரும். சில நாள் ஆடிய பிள்ளையிடம் இது லட்சக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே எஞ்சினுக்கு எத்தனை ஆயிரம் கேட்டாலும் யோசிப்பதே இல்லை. என் பேரனும் அப்படித்தான். எந்தக் கார் வாங்கினாலும், பட்டியலில் அடியில் இருக்கிற மிகப் பெரிய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிடுவான். பிறகு பந்தயத்தில் முதல் வளைவிலேயே காரைப் புல்வெளியில் கொண்டு போய் நிறுத்துவான். "தாத்தா, எண்ணூறு குதிரைச் சக்தி இருக்கு, அப்பவும் தோக்கறேன்" என்று ஒரு நாள் புலம்பினான். அன்றுதான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கிரெடிட் விலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு விலை எழுதியிருக்கிறது. அதற்குப் பெயர் பி.ஐ. காரின் திறனை ஒரே எண்ணாகச் சொல்லும் அளவு அது. அந்த எண்ணை வைத்துக் கார்களை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். 500 வரை 'டி' வகுப்பு, 600 வரை 'சி', 700 வரை 'பி', 800 வரை 'ஏ', 900 வரை 'எஸ் 1', 998 வரை 'எஸ் 2', கடைசியில் 999-க்கு 'எக்ஸ்'. 'ஏ' வகுப்புப் பந்தயம் என்றால் 800-க்கு மேல் போன கார் உள்ளே வர முடியாது. எஞ்சின் மட்டுமல்ல, நல்ல டயர் போட்டாலும், எடையைக் குறைத்தாலும், பிரேக்கை உயர்த்தினாலும் இந்த எண் ஏறும். கிரெடிட் எவ்வளவு வேண்டுமானாலும் சம்பாதிக்கலாம். பி.ஐ. மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு. மாதச் சம்பளம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: வாடகைக்கே முக்கால்வாசி கொடுத்துவிட்டால், அரிசி பருப்புக்கு என்ன மிஞ்சும்?

உதாரணத்துக்கு, 560 புள்ளியில் இருக்கும் ஒரு சிறிய கார். பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் போட்டால் 760-க்குப் போய்விடுகிறது என்று வைப்போம். 800-க்குள் ஓட வேண்டுமானால் மிச்சம் 40 புள்ளி. அதில் நல்ல டயருக்கே இடம் போதாது, பிரேக்குக்கு வழியில்லை. அதே காரில் பழைய எஞ்சினையே வைத்துக்கொண்டு கேம் ஷாஃப்ட், சைலன்சர், காற்று வழி இவற்றைச் சீர்செய்து 90 புள்ளி செலவழித்தால் 650. இன்னும் 150 புள்ளி கையில் இருக்கிறது. டயர், பிரேக், எடைக் குறைப்பு எல்லாவற்றுக்கும் போதும். எண்கள் காருக்குக் கார் மாறும். கணக்கின் போக்கு இதுதான். நேர்ச் சாலையில் முதல் கார் பறக்கும். வளைவுகள் நிறைந்த பாதையில் இரண்டாவது கார்தான் முன்னால் நிற்கும். பாதை எப்படி என்று பார்க்காமல் எஞ்சின் வாங்குவது, எந்த ஊர் என்று பார்க்காமல் ரயில் டிக்கெட் வாங்குகிற கதை.

எண்ணூறு குதிரைச் சக்தி ஏன் உதவவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். இது எனக்குப் பழக்கமான பாடம். நம் ரயில்வேயில் பல பத்தாண்டுகள் உழைத்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து முதலில் வந்தது. பிறகு வாரணாசியில் தயாரானது. அதன் சக்தி 2600 குதிரை. எடை சுமார் 113 டன். ஆறு அச்சுகளும் இழுப்பவை, ஆகவே எடை முழுவதும் இழுக்கும் சக்கரங்களின் மேல்தான். ஆனாலும் புறப்படும்போது அது இழுக்கக்கூடிய விசை சுமார் 30 டன். காரணம் எஞ்சினின் சோம்பல் அல்ல. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடிப்பது எடையில் கால் பங்குக்குச் சற்று மேல்தான். அதற்கு மேல் இழுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். இந்தப் பிடிப்பை நாங்கள் அட்ஹெஷன் என்போம். மழையில் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் டிரைவர் மணலைத் தண்டவாளத்தில் விடுவதும் இதற்காகத்தான். 113 டன் வண்டிக்குள் பத்தாயிரம் குதிரைச் சக்தியை வைத்தாலும், புறப்படும் இடத்தில் அந்த முப்பது சொச்சம் டன்னைத் தாண்டுவது கஷ்டம்.

காரில் ரப்பர் டயர், தார் ரோடு. காய்ந்த சாலையில் நல்ல டயர் ஏறக்குறையத் தன்மேல் இருக்கும் எடை அளவுக்கே பிடிக்கும். ஆயிரம் கிலோ கார், பின் சக்கரங்கள் இழுக்கின்றன, பாதி எடை பின்னால் என்று கொள்வோம். அப்படியானால் தள்ளக்கூடிய விசை 500 கிலோ. குதிரைச் சக்தி என்பது ஒரு விநாடியில் 75 கிலோவை ஒரு மீட்டர் நகர்த்தும் வேலை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 10 மீட்டர். 500-ஐ 10-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 67 வரும். அதாவது அந்த வேகத்தில் அந்தக் கார் 67 குதிரைக்கு மேல் சாலையில் இறக்க முடியாது. 72 கிலோமீட்டர் வேகத்தில் 133. 108 கிலோமீட்டர் வேகத்திலும் 200 தான். வேகம் எடுக்கும்போது எடை பின்னால் சாய்வதால் இது ஓரளவு கூடும், இரட்டிப்பாகிவிடாது. மீதி அறுநூறு குதிரை எங்கே போகிறது? டயரைத் தேய்த்துப் புகையாகிறது. வளைவில் அந்த டயர் பக்கவாட்டிலும் பிடிக்க வேண்டும். இருக்கிற பிடிப்பையெல்லாம் சுற்றுவதற்கே செலவழித்துவிட்டால் பக்கவாட்டுக்கு ஒன்றும் இல்லை. கார் புல்வெளிக்குப் போய்விடும்.

இந்தக் கணக்கைப் பேரனின் ரஃப் நோட்டில் போட்டுக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நாலு சக்கரமும் இழுத்தா டபுளா தாத்தா?" என்று கேட்டான். அதேதான். முழு ஆயிரம் கிலோவும் பிடிப்புக்கு உதவும். நான்கு சக்கர இழுவைக்கு மாற்றுவது விளையாட்டில் இவ்வளவு புழக்கத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் அதுவும் இலவசம் அல்ல; கூடுதல் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் என்று எடை ஏறுகிறது, பி.ஐ.யும் செலவாகிறது.

மூன்றாவதாக ஒரு விலை இருக்கிறது. அது எடையின் இடம். விளையாட்டின் அதே திரையில், எஞ்சின் மாற்றுவதற்கு முன் காரின் எடை எவ்வளவு, அதில் முன் சக்கரத்தின் மேல் எத்தனை சதவீதம், மாற்றிய பின் எத்தனை என்று போட்டிருக்கிறார்கள். இதைப் பார்க்கும் பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை. முன்னால் கனமான எஞ்சின் வந்து உட்கார்ந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். பிறகு முன் ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்த வேண்டும், முன் டயரை அகலப்படுத்த வேண்டும். அதற்கும் புள்ளிதான். கியரும் அப்படியே. பழைய எஞ்சின் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று சுற்றும், புதியது ஆறாயிரத்திலேயே முடிந்துவிடும் என்றால் பழைய கியர் விகிதம் ஒத்துவராது.

இப்படிச் சொல்வதால் எஞ்சின் மாற்றுவதே தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில கார்களில் மாற்று எஞ்சின் பழையதைவிடக் குறைந்த எடையில், குறைந்த புள்ளியில் அதிக சக்தி தரும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்த விளையாட்டின் சுவையே.

சோனியின் பிளே ஸ்டேஷனில் ஆடும் 'கிரான் டுரிஸ்மோ 7' 2022 மார்ச்சில் வந்தது. அதில் முறை வேறு. மாற்று எஞ்சின்கள் பரிசுச் சீட்டில் விழும்; அல்லது கார் சேகரிப்பில் 50-ஆம் படியை எட்டிய பிறகு விலைக்கு வாங்கலாம். எந்த எஞ்சின் எந்தக் காருக்கு என்பதையும் அவர்களே வரையறுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. மாஸ்டா ஆர்.எக்ஸ்.-7 காரில் பிஸ்டனே கிடையாது. முக்கோண வடிவ ரோட்டார் சுழலும் எஞ்சின். ஒவ்வொன்றும் 654 சி.சி. வீதம் இரண்டு ரோட்டார். அதில் நான்கு ரோட்டார் கொண்ட எஞ்சினைப் போட வழி வைத்திருக்கிறார்கள். அது 1991-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற மாஸ்டா 787பி காரின் எஞ்சின். அந்தப் பந்தயத்தில் ஒரு ஜப்பானிய நிறுவனம் வென்றது அதுவே முதல் தடவை. 280 குதிரை இருந்த இடத்தில் சுமார் 700 குதிரை! ஆனால் அந்த எஞ்சினைச் சுமந்த பந்தயக் காரின் எடை 830 கிலோ. ஆர்.எக்ஸ்.-7 அதைவிட நானூறு கிலோவுக்கு மேல் கூடுதல். அந்தப் பந்தயக் காரின் டயரும், காற்றால் அழுத்திப் பிடிக்கும் உடலும் எஞ்சினோடு கூட வருவதில்லை.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது இங்கே இருக்கிறது. ஃபோர்ஸா ஹொரைஸன் 5-இல் கிரெடிட்டை நிஜப் பணம் கொடுத்து வாங்க முடியாது. கூடுதல் கார்த் தொகுப்புகளுக்குத்தான் காசு. கிரான் டுரிஸ்மோ 7-இலோ விளையாட்டுப் பணத்தையே நிஜப் பணத்துக்கு விற்கிறார்கள். அமெரிக்காவில் 20 லட்சம் கிரெடிட்டுக்கு ஏறக்குறைய 20 டாலர். 2022 மார்ச்சில் பந்தயப் பரிசுத் தொகைகளைக் குறைத்தபோது ஆடுபவர்கள் உலகம் முழுவதும் கொதித்துப் போனார்கள். தயாரிப்பாளர் கசுனோரி யமவுச்சி வருத்தம் தெரிவித்து, ஆளுக்கு 10 லட்சம் கிரெடிட் கொடுத்து, பிறகு பரிசுகளை உயர்த்தினார். அப்பாவின் கார்டு எண் இயந்திரத்தில் சேமிக்கப்பட்டிருக்கும் வீடுகளில், பிள்ளைக்குத் தனிக் கணக்குத் திறந்து மாதச் செலவுக்கு வரம்பு வைத்துவிடுவது நல்லது. அந்த வசதியைச் சோனியே தருகிறது.

நிஜக் கார்களில் எஞ்சின் மாற்றம் நமக்குப் புதிதல்ல. கல்கத்தாவில் இருக்கும் நமக்கு உத்தர்பாரா அருகே இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை தெரியாமல் இருக்காது. 1984-இல் அங்கே காண்டஸ்ஸா காரைக் கொண்டுவந்தார்கள். நீளமான, அழகான உடல். உள்ளே அம்பாசிடரின் அதே 1489 சி.சி. எஞ்சின், 50 குதிரை சொச்சம். யானைக்குக் குதிரைவண்டிச் சக்கரம் போட்ட மாதிரி. சில வருஷங்களில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினுக்கு மாறினார்கள். 1990-களின் தொடக்கத்தில் அம்பாசிடருக்கும் அதே எஞ்சின் வந்தது. கவனியுங்கள், எஞ்சின் மட்டும் வரவில்லை. ஐந்து கியர் கொண்ட புது கியர் பாக்ஸ் கூடவே வந்தது. ரயில்வேயிலும் சமீபத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. வாரணாசி தொழிற்சாலையில் பழைய டீசல் எஞ்சின்கள் இரண்டை எடுத்து, டீசல் கருவிகளை அகற்றி, மின்சாரத்தில் ஓடும் 10,000 குதிரைச் சக்தி இரட்டை எஞ்சினாக மாற்றினார்கள். 2017 டிசம்பர் 22-இல் தொடங்கி 2018 பிப்ரவரி 28-க்குள், 69 நாளில் முடித்தார்கள். ஒரு பெரிய தொழிற்சாலையும் அதன் வரைபட அலுவலகமும் முழுமூச்சாக இறங்கி 69 நாள்!

விளையாட்டில் ஒரு விநாடி. வித்தியாசம் அங்கேதான் என்பதை எங்கள் பக்கத்து பிளாட்டில் இருக்கும் கல்லூரி மாணவனிடம் பேசும்போது உணர்ந்தேன். அவன் அப்பாவிடம் பழைய ஆல்ட்டோ 800 இருக்கிறது. 796 சி.சி., 48 குதிரை. அதே மாருதி நிறுவனம் ஆல்ட்டோ கே10 என்று 998 சி.சி., 68 குதிரையில் இன்னொன்றும் விற்றது. "ரெண்டும் ஆல்ட்டோதானே அங்கிள், அந்த எஞ்சினை இதில் போட்டா என்ன? ஒரு மெக்கானிக் 35,000 ரூபாய்க்குப் பழைய எஞ்சின் தரேன்னு சொல்றார்" என்றான். பையன் கெட்டிக்காரன். விளையாட்டில் பி.ஐ. கணக்கெல்லாம் என்னைவிட நன்றாகப் போடுவான்.

"சரிப்பா, மத்ததையும் எழுது" என்று ஒரு தாளைக் கொடுத்தேன். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட். அதற்கேற்ற கியர் பாக்ஸ், கிளட்ச். ஆக்ஸில் ஷாஃப்ட் நீளம் ஒத்துவருமா? ரேடியேட்டர் போதுமா? சைலன்சர் குழாய் எங்கே வளையும்? எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர், அதன் ஒயரிங், சாவியிலிருந்து மீட்டர் வரை. கூடுதல் வேகத்தை நிறுத்தப் பிரேக். இவ்வளவுக்கும் கூலி, வண்டி கராஜில் நிற்கும் நாள்களுக்கு அப்பாவின் டாக்சிச் செலவு. விளையாட்டில் இவற்றுக்கெல்லாம் விலை பூஜ்யம். தாள் நிரம்பியபோது 35,000 என்பது அதில் ஒரு வரியாக மட்டும் இருந்தது.

இத்தனைக்கும் சட்டம் இன்னும் வரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழில் இருப்பதற்கும் மாறுபாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பழுதான எஞ்சினுக்குப் பதிலாக அதே வகை எஞ்சினை ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு போடலாம். எரிவாயுவுக்கோ பாட்டரிக்கோ மாறுவதானால் அங்கீகரிக்கப்பட்ட கருவித் தொகுப்பைக் கொண்டு, விதிமுறைப்படி மாறலாம். அதிக சக்தி வேண்டும் என்பதற்காக வேறு எஞ்சின் போடுவதற்கு அந்த வழி இல்லை. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமையாளர் யார்? அப்பா. விபத்து ஏதாவது நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது எஞ்சின் எண்ணையும் சான்றிதழையும்தான்.

பையன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் கீழே கார் நிறுத்துமிடத்தில் அப்பாவும் பிள்ளையும் குனிந்து ஆல்ட்டோவின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், கடைசி இரண்டு எந்த வருஷம் என்பதைக் குறிக்கும். இவர்களுடையதில் 2317 என்று இருந்தது. அதாவது 2017-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம் தயாரான டயர். நான்கிலும் அதே எண். அந்த வாரக் கடைசியில் நான்கையும் மாற்றிவிட்டார்கள்.